உப்புக் கறையா, கண்ணாடியே அரித்துவிட்டதா? பாலிஷ் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

போர் தண்ணீர் ஓடும் வீட்டில் எந்தக் கண்ணாடியில் கறை என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளியலறைத் தடுப்பின் கீழ்ப்பாதி பால் தெளித்ததுபோல் இருக்கும். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழியும் சுவரை ஒட்டிய ஜன்னலில் கோடுகோடாக வெள்ளை இறங்கியிருக்கும். காரின் முன்கண்ணாடியில் வட்டவட்டமாகப் புள்ளிகள் நிற்கும். மூன்றையும் "உப்புக் கறை" என்றே சொல்கிறோம். கடைக்குப் போனால் மூன்றுக்கும் ஒரே பாட்டிலைக் கொடுப்பார்கள். அது சில கண்ணாடியில் வேலை செய்யும், சிலவற்றில் எவ்வளவு தேய்த்தாலும் அசையாது, சிலவற்றில் இருந்ததைவிட மோசமாக்கிவிடும். காரணம் பாட்டிலில் இல்லை. வெள்ளையாகத் தெரிவது ஒன்றுபோல் இருந்தாலும் அடியில் நடந்திருப்பது வேறு வேறு.

முதலில் தண்ணீர். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள் நீரில் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. துளி காயும்போது கார்பன் டைஆக்சைடு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட் மிஞ்சுகிறது. கெட்டிலின் அடியில் படிவதும் இதேதான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைக்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. அந்த 600-ஐ வைத்து ஒரு கணக்குப் போடலாம். இரண்டு சதுர மீட்டர் கண்ணாடியில் ஒருமுறை குளித்து முடித்ததும் 50 மில்லி தண்ணீர் ஒட்டி நிற்கிறது என்று கொள்வோம். ஒரு நாளைக்கு இரண்டு குளியல். வருடத்துக்கு 36 லிட்டருக்கு மேல் அந்தக் கண்ணாடியிலேயே காய்கிறது. சுமார் 22 கிராம் சுண்ணாம்பு. ஒரு கைப்பிடி கோலமாவைக் கண்ணாடியில் பூசிவிட்டு, அதன்மேல் சோப்பையும் சேர்த்துக் காயவிடுவதற்குச் சமம். சோப்பு வந்து சேர்வதும் சாதாரண விஷயமில்லை. அதிலுள்ள கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான, தண்ணீரில் கரையாத ஒரு படலமாகிவிடும். அமிலம் ஊற்றியும் கறை போகவில்லை என்றால் பல சமயம் அந்தப் படலம்தான் மேலே மூடி நிற்கிறது.

இதுவரை சொன்னது கண்ணாடிக்கு வெளியே நடப்பது. உள்ளே நடப்பதுதான் முக்கியம். ஜன்னல் கண்ணாடி முழுக்க மணல் இல்லை. எடையில் 70 சதவீதத்துக்குச் சற்று மேல் சிலிக்கா, மீதியில் பெரும்பங்கு சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும். தண்ணீர் நெடுநேரம் நின்றால் மேற்பரப்பிலுள்ள சோடியம் மெல்ல வெளியேறி நீரில் சேரும். ஓடும் தண்ணீரில் அது அடித்துக்கொண்டு போய்விடும். நின்று காயும் துளியில் போக வழியில்லாமல் செறிந்து, துளியையே காரமாக்கிவிடும். காரத்தைக் காட்டும் பிஎச் எண் 9-ஐத் தாண்டினால் சிலிக்காவே கரையத் தொடங்குகிறது. அப்போது கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுகின்றன. வெளிச்சம் அந்தக் குழிகளில் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அங்கே துடைத்தெடுக்க எந்தப் பொருளும் இல்லை, கண்ணாடியில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான்.

கண்ணாடிக் கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் அடுக்கி வைத்த தகடுகளுக்கு இடையே ஈரம் புகுந்துவிட்டால், வானவில் நிறத்தில் திட்டுத்திட்டாக வந்து தகடே வீணாகும். இடையில் காகிதமோ தூளோ வைத்து அனுப்புவது அதனால்தான். வீடு கட்டும்போது பூச்சு வேலை முடிவதற்குள் ஜன்னலை மாட்டிவிட்டால் இதே சேதம் இன்னும் வேகமாக நடக்கும். சிமென்ட் கலந்து வழியும் நீரின் பிஎச் 12-க்கு மேல். அதைச் சில நாள் கண்ணாடியில் காயவிட்டால் கோடு நிரந்தரமாகிவிடும். மேஸ்திரியிடம் சொல்லிக் கண்ணாடிமேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டவைப்பது பிறகு எந்தப் பாலிஷ் வாங்குவதையும்விட மலிவு.

இதற்கிடையில் மூன்றாவது ஆளும் ஒருவர் உண்டு: தண்ணீரிலேயே கரைந்து வரும் சிலிக்கா. பாறைப் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் இது கணிசமாக இருக்கும். காய்ந்தால் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். வினிகருக்கும் எலுமிச்சைக்கும் அசையாது, ஏனென்றால் அந்த அமிலங்கள் சிலிக்காவைக் கரைப்பதில்லை.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் ஐந்து ரூபாய் நாணய அளவு இடத்தில் ஒரு சோதனை. பாத்திரம் கழுவும் திரவத்தால் சோப்புப் படலத்தை எடுத்துவிட்டு, வினிகரில் நனைத்த பஞ்சை அந்த இடத்தில் ஒட்டி 15 நிமிடம் விடுங்கள். கழுவி, துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் பாருங்கள். தெளிந்திருந்தால் அது சுண்ணாம்பு, அமிலம் போதும். தெளியவில்லை, ஆனால் நகத்தால் வருடினால் சொரசொரப்பு இருக்கிறது என்றால் படிவு இன்னும் மேலேதான் இருக்கிறது. பெரும்பாலும் சிலிக்கா கலந்தது, மெல்லிய தேய்ப்பு வேண்டும். வழுவழுப்பாக இருந்தும் வெள்ளை தெரிகிறது என்றால் கண்ணாடி அரித்திருக்கிறது. பாலிஷுக்கு வேலை அங்கேதான்.

"முழுக்கக் காய்ந்தபின்" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஈரத்தில் எல்லாக் கண்ணாடியும் புதுசுதான். தண்ணீர் குழிகளையும் கீறல்களையும் நிரப்பிவிடுகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, தண்ணீருடையது 1.33, காற்றுடையது 1. தண்ணீரும் கண்ணாடியும் நெருங்கி நிற்பதால் வெளிச்சம் அதிகம் சிதறாது, கறை மறைந்ததுபோல் தோன்றும். காய்ந்ததும் திரும்பி வந்து நிற்கும். "தேய்க்கும்போது போயிடுச்சு, காலைல பார்த்தா அப்படியே இருக்கு" என்ற புலம்பலின் பின்னணி இதுதான். எண்ணெயோ மெழுகோ கலந்த சில 'கறை நீக்கி'களும் இதே வித்தையைத்தான் காட்டுகின்றன. இரண்டு குளியல் வரை தாங்கும்.

சுண்ணாம்புக்கு அமிலம்

இந்தப் பகுதியில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலமுள்ள சாதாரண வினிகர், அல்லது ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டாலும் கிடைக்கும். கணக்குப்படி இந்த ஒரு லிட்டர், மேலே சொன்ன ஒரு வருடச் சுண்ணாம்பு முழுவதையும் கரைத்துவிட்டு இன்னும் மிஞ்சும். ஆனாலும் பலருக்கு வேலை செய்வதில்லை. வலு போதாமல் இல்லை, நேரம் போதாமல்தான். நின்ற கண்ணாடியில் தெளித்த திரவம் ஒரு நிமிடத்தில் வழிந்து தரைக்குப் போய்விடுகிறது. டிஷ்யூ காகிதத்தையோ பழைய பருத்தித் துணியையோ நனைத்துக் கண்ணாடியில் ஒட்டவைத்து, மேலே பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பரப்பி 20 நிமிடம் விட்டால் அதே திரவம் வேறு விதமாக நடந்துகொள்ளும். தேவைப்பட்டால் இரண்டாவது முறை. சிட்ரிக் அமிலத்தைக் காயவிடக் கூடாது. கால்சியம் சிட்ரேட் எளிதில் கரையாத வெள்ளைப் பொருள். பழைய கறையை எடுத்துப் புதிய கறையைப் பூசியதாகும். கடைசியாகக் கழுவுவது அதே போர் தண்ணீர் என்றால் உடனே வைப்பரால் வழித்துவிட வேண்டும். ஆர்ஓ தண்ணீர் அரை பக்கெட் இருந்தால் இன்னும் நல்லது.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் சேர்த்து நுரைக்கவைக்கும் குறிப்பு எங்கும் சுற்றுகிறது. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். நுரை அடங்கியதும் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், சுண்ணாம்புக்கு ஒன்றும் ஆகாது.

கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கண்ணாடிக்குக் கொண்டுவர வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கண்ணாடியைத் தொடாது என்பது உண்மைதான். ஆனால் குழாயின் குரோம் முலாம், அலுமினியச் சட்டம், டைல்ஸ் இடைப்பூச்சு, மார்பிள் எல்லாவற்றையும் தொடும். கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல்தான் என்பது பலருக்கு ஞாபகம் வருவதில்லை. வினிகர் சொட்டினாலே அதன் பளபளப்பு போய்விடும், ஆசிட் என்றால் கேட்கவே வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தரையில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிராபத்து.

ஆக்ஸாலிக் அமிலம் துருக் கறைக்கு நல்லது. சுண்ணாம்பில் போட்டால் கரையாத கால்சியம் ஆக்ஸலேட்டாகிவிடும். சல்ஃபாமிக் அமிலம் சுண்ணாம்புக்கு நன்றாக வேலை செய்யும், உண்டாகும் உப்பும் தண்ணீரில் கரையும். "எந்தக் கறையும் நொடியில் போகும்" என்று விற்கும் திரவங்களில் லேபிளைப் படித்தே ஆக வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருந்தால் அதை அப்படியே வைத்துவிடுங்கள். அவை சிலிக்காவையே, அதாவது கண்ணாடியையே கரைக்கும். தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடிக்கும். வீட்டில் வைத்திருக்க வேண்டிய சரக்கு இல்லை.

முகம் பார்க்கும் கண்ணாடியில் இன்னொரு கவனம். தமிழில் இரண்டையும் கண்ணாடி என்றே சொல்லிவிடுகிறோம். வேலையில் இரண்டும் ஒன்றல்ல. பின்புற வெள்ளிப் பூச்சுக்கு விளிம்பில் காப்பு குறைவு. அமிலம் ஓரம் வழியாக உள்ளே போனால் கறுப்புத் திட்டாகப் பரவும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. திரவத்தைத் துணியில் எடுத்து நடுவிலிருந்து துடைக்க வேண்டும், கண்ணாடிமேல் நேரே தெளிக்கக் கூடாது.

பிளேடு, கம்பி நார், பற்பசை

அமிலத்துக்கு மசியாத படிவை வழிக்கப் பிளேடு நல்ல கருவி. புது பிளேடு, கண்ணாடி முழுக்கச் சோப்புத் தண்ணீர், சாய்வாகப் பிடித்து ஒரே திசையில் தள்ளுவது. முன்னும் பின்னும் இழுத்தால் அடியில் சிக்கிய துகள் கீறும். ஆனால் குளியலறைத் தடுப்பும் கார் பக்கவாட்டுக் கண்ணாடியும் பெரும்பாலும் டஃபன்டு கிளாஸ், அதாவது சூளையில் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவேற்றியது. சூளையில் சூடாக்கும்போது உருளைகளில் கிடக்கும் கண்ணாடித் தூசி சில சமயம் தகட்டில் உருகி ஒட்டிவிடும். விரலுக்கு லேசான மணல்போல் தட்டும். அந்தப் பக்கத்தில் பிளேடை ஓட்டினால் துகள் பெயர்ந்து, பிளேடோடு நீளமாக இழுபடும். நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். கட்டடக் கண்ணாடி துடைப்பவர்களுக்கும் கட்டுநர்களுக்கும் இடையே நடக்கும் தகராறுகளுக்கு இது வழக்கமான ஒரு காரணம். மூலையில் ஐஎஸ் 2553 முத்திரை இருந்தால் அது பாதுகாப்புக் கண்ணாடி. கையால் தடவிப் பார்க்காமல் பிளேடு எடுக்கக் கூடாது. கார் பின்கண்ணாடியின் உட்பக்கத்தில் வெப்பக் கோடுகள் இருந்தால் அங்கே பிளேடே வேண்டாம்.

மிக மெல்லிய எஃகு நார், நான்கு பூஜ்யம் எண்ணுள்ளது, ஈரமான வெறும் கண்ணாடியில் கீறாது. சாதாரணப் பாத்திர நார் அந்த வகை இல்லை. பாத்திரம் தேய்க்கும் பவுடரும் அப்படித்தான். மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புப் படிகத்தின் கடினம் 3, ஜன்னல் கண்ணாடி 5.5 முதல் 6, குவார்ட்ஸ் மணல் 7. பவுடரில் இருப்பது சுண்ணாம்புக் கல் தூளானால் பயமில்லை, குவார்ட்ஸ் தூளானால் கண்ணாடி போச்சு. பற்பசையில் இருப்பது கால்சியம் கார்பனேட்டோ நீரேறிய சிலிக்காவோ. மெல்லிய கறையைக் கொஞ்சம் எடுக்கும். கீறலை எடுக்கும் என்று சொல்வது வெறும் நம்பிக்கை. பற்பசை கீறலுக்குள் வெள்ளையாக அடைந்துகொள்ளும், கழுவினால் வெளியே வந்துவிடும்.

பாலிஷ் என்ன செய்கிறது

பாலிஷ் கறையை எடுப்பதில்லை. கண்ணாடியின் மேல்தோலை எடுக்கிறது, அதோடு கறையும் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே போடலாம், எங்கே கூடாது என்பது பாதி புரிந்துவிடும்.

கண்ணாடி பாலிஷ் என்றால் சீரியம் ஆக்சைடு, சீரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு தூள். கடினத்தில் அது கண்ணாடியைவிடப் பெரிதாக ஒன்றும் விஞ்சவில்லை. மோஸ் அளவில் 9 வரும் அலுமினியம் ஆக்சைடு கீறிவிடும் இடத்தில் இது வழுவழுப்பாக்குகிறது. அதன் சூட்சுமம் வேதியியலில் இருக்கிறது. தண்ணீர் பட்டுச் சற்று இளகிய மேற்பரப்பில் சீரியம் ஆக்சைடு துகள் அழுந்தும்போது சிலிக்காவோடு கணநேரப் பிணைப்பு உண்டாகிறது, நகரும்போது அந்தச் சிலிக்காவையும் பிடுங்கிக்கொண்டு போகிறது. உளி செய்யும் வேலையை ஒட்டுப்பசை செய்வதுபோல. அதனால்தான் தண்ணீர் இல்லாமல் இந்தப் பாலிஷ் வேலை செய்யாது. காய்ந்த தூளில் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் சூடுதான் மிச்சம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கண்ணாடித் தொழிலில் இந்த இடத்தில் இருந்தது 'ரூஜ்' எனப்படும் சிவப்பு இரும்பு ஆக்சைடு. சீரியம் வேகமாக வேலை முடித்ததால் அதை ஓரங்கட்டியது. சீரியத்துக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் தோரியமும் சீரியமும் அடங்கிய மோனசைட் கனிமம் இருப்பதைக் கண்டார். அது திருவிதாங்கூர்க் கடற்கரை மணல். அன்று அந்த சமஸ்தானத்தைச் சேர்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதுமான மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனத்தின் மணல் ஆலை இயங்குகிறது. ஷோம்பெர்க் காலத்தில் தேடியது எரிவாயு விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலுக்குத் தேவைப்பட்ட தோரியத்தை. மோனசைட்டில் உள்ள அருமண் தனிமங்களில் அதிகம் இருப்பதோ சீரியம். 2010-11-இல் சீனா அருமண் ஏற்றுமதியை இறுக்கியபோது சீரியம் ஆக்சைடின் விலை பல மடங்கு ஏறியது, பாலிஷ் பட்டறைகள் கழிவுக் கூழை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தின.

கடையில் வாங்கும்போது கண்ணாடிக்கானது என்று சொல்லி, 1 முதல் 3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் அளவுள்ள தூளைக் கேளுங்கள். வெள்ளை, வெளிர் மஞ்சள், இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு என்று நிறம் மாறும். பழுப்பு பெரும்பாலும் கூடவே வரும் பிரசியோடிமியம் என்ற இன்னொரு அருமண் தனிமத்தால். கலப்படம் என்று எண்ண வேண்டாம். இத்துடன் ரேயான் ஃபெல்ட் பேட் (அழுத்திய நாரால் ஆன வட்டத் தேய்ப்பு மெத்தை) 75 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரில் மெஷின் அல்லது பாலிஷர், தெளிப்பான், மாஸ்கிங் டேப், முகக்கவசம். டிரில் அதிகபட்சம் நிமிடத்துக்கு 1,500 சுற்று (ஆர்பிஎம்). ஆங்கிள் கிரைண்டரை இதற்கு மாட்டக் கூடாது. அதன் 10,000 சுற்றில் கூழ் தெறித்துச் சுவருக்குப் போகும், கண்ணாடி சூடேறும்.

சுற்றிலும் டேப் ஒட்டுங்கள், முக்கியமாக ரப்பர் பீடிங், சிலிக்கான் ஓரம். தூள் அங்கே ஏறிவிட்டால் மாதக்கணக்கில் வெளுப்பு தெரியும். 100 கிராம் தூளில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 100 முதல் 150 மில்லிக்குள், தோசை மாவைவிடச் சற்று நீர்த்த பதத்துக்குக் கொண்டுவாருங்கள். சீரியம் ஆக்சைடு தண்ணீரைவிட ஏழு மடங்கு கனம், நிமிடத்தில் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் கலக்க வேண்டும். கலக்காமல் மேல்தண்ணீரைத் தொட்டுத் தேய்த்துவிட்டு "இந்தப் பாலிஷ் ஒண்ணுக்கும் ஆகலை" என்பவர்கள் உண்டு.

ஃபெல்ட் பேடை நனைத்துக் கூழைத் தடவி, மெஷினை ஓட்டாமலே கண்ணாடியில் பூசிவிட்டுப் பிறகு மெதுவாகத் தொடங்குங்கள். ஒரு சமயத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி. பேடின் தட்டை முழுக்கப் பதிய வேண்டும். ஓரத்தைச் சாய்த்தால் வேகம் கூடியதுபோல் தெரியும், கண்ணாடியில் பள்ளம் விழும். குறுக்கும் நெடுக்குமாக, ஓரிடத்தில் நிற்காமல். பூச்சு காயத் தொடங்கினால் ஒரு தெளிப்பு. இழுவை சற்றுத் தெரிய வேண்டும், வழுக்கிக்கொண்டே ஓடினால் தண்ணீர் அதிகம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திப் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு சரி, கை பொறுக்காத சூடு ஆபத்து. பதப்படுத்தாத சாதாரணக் கண்ணாடி ஒரே தகட்டில் சுமார் 40 டிகிரி வெப்ப வித்தியாசம் வந்தாலே விரிசல் விடலாம், அதிலும் விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால். டஃபன்டு கிளாஸ் இந்த விஷயத்தில் பல மடங்கு தாங்கும். காரின் முன்கண்ணாடி லேமினேட்டட், அதாவது இரண்டு தகடுகளை நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அதன் இரண்டு தகடுகளும் பொதுவாக டஃபன்டு அல்ல என்பதால் அவசரம் அங்கே விலை உயர்ந்தது. வெயிலில் நின்ற காரை நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவைத்த பிறகே தொடங்க வேண்டும்.

லேசாக அரித்த கண்ணாடிக்குச் சதுர அடிக்குக் கால் மணி முதல் அரை மணி நேரம் பிடிக்கும். இருபது சதுர அடித் தடுப்பு என்றால் ஒரு முழுநாள் வேலை, தோள்பட்டை வலியும் சேர்த்து. கை பாலிஷ் கைப்பிடியளவு இடத்துக்குத்தான் சரிப்படும். அரிப்பு ஆழமாக, கண்ணாடி முழுக்க இருந்தால் மாற்றுவதே கட்டுப்படியாகும். டஃபன்டு கிளாஸை வாங்கி வந்து வெட்டவோ துளையிடவோ முடியாது. துளைகளோடு அளவு கொடுத்துச் செய்து வாங்க வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாழாவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, பேட் தரையில் விழுவது. ஒரே ஒரு மணல் துகள் ஏறினால் போதும், அடுத்த சுற்றில் வட்டக் கீறல் விழும். விழுந்த பேடைக் கழுவி மீட்க நினைக்காமல் இரண்டாவதை எடுங்கள். மற்றொன்று, வேலைக்குமுன் கண்ணாடியைச் சரியாகக் கழுவாதது. சுண்ணாம்பும் மண்ணும் மேலே இருக்கும்போதே பாலிஷ் போட்டால், பெயர்ந்த துகளே அரம்போல் கீறிவிடும். அமிலமும் கழுவுதலும் முதலில், பாலிஷ் கடைசியில் என்பதற்கு வரிசை மரியாதை காரணமில்லை.

கீறல் வேறு கணக்கு

நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். தட்டாமல் வழுக்கினால் சீரியம் ஆக்சைடு அதை எடுக்கவோ பெரிதும் மங்கவைக்கவோ செய்யும். நகம் மாட்டிக்கொண்டால் எடுக்காது, அல்லது எடுக்கும் விலை கட்டாது. கீறலை நிரப்புவதில்லையே, சுற்றியுள்ள கண்ணாடியைக் கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குகிறோம். 20 மைக்ரான் கீறல் என்றால் 0.02 மில்லிமீட்டர்தான், ஆனால் அந்த 0.02-ஐ இரண்டு பக்கமும் கையகலத்துக்குச் சரிவாக இறக்கி முடிக்க வேண்டும். கீறல் கோட்டின் மேலேயே விடாமல் ஓட்டினால் கீறல் போய் வாய்க்கால் வரும். நேரே பார்த்தால் தெரியாது. சாய்வாகப் பார்த்தால் எதிர்வீட்டுக் கிரில் கம்பி நெளியும். ஜன்னலில் அது கண்ணுக்கு உறுத்தல், கார் முன்கண்ணாடியில் ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இரவு எதிரே வரும் விளக்கு இரண்டாகத் தெரியக் காரணம். அந்த இடத்தில் ஆழக் கீறல் இருந்தால் பாலிஷை மறந்துவிட்டுக் கண்ணாடியை மாற்றுங்கள். வைப்பர் போட்ட வில் கோடுகள் பெரும்பாலும் மேலோட்டமானவை, பாலிஷுக்குப் படியும். அதற்குமுன் வைப்பர் ரப்பரை மாற்றாவிட்டால் பதிந்திருக்கும் மணல் அடுத்த மழையிலேயே திரும்ப எழுதிவிடும்.

கீறலின் பின்பக்கத்தில் மார்க்கரால் வட்டம் போட்டுக்கொள்வது உதவும், கூழ் பூசிய பிறகு இடம் தெரியாது. சரிபார்க்க, பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடிக்க வேண்டும்.

ஆழக் கீறலுக்குத் தொழில்முறையில் செய்வது படிப்படியான அரைப்பு. சொரசொரப்பான டிஸ்கில் கீறலை அழித்து, அது விட்ட பனிபோன்ற மங்கலை அடுத்த மென்மையான டிஸ்கில் அழித்து, அது விட்டதை இன்னும் மென்மையானதில், கடைசியில் சீரியத்தில். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் சீரியத்தால் மணிக்கணக்கில் தேய்த்தாலும் மெல்லிய மூட்டம் நிற்கும். அங்கே செய்ய வேண்டியது ஒரு படி பின்னால் போவதுதான். கூடுதல் அழுத்தம் உதவாது.

பூச்சுள்ள கண்ணாடியில் பாலிஷ் அறவே கூடாது. வெயில் தடுக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி, வெப்பம் கடத்துவதைக் குறைக்கும் குறைகதிர் (லோ-இ) பூச்சுக் கண்ணாடி, வண்ணப் பூச்சு, ஃபிலிம் ஒட்டியவை எல்லாம் இதில் அடங்கும். முதல் இரண்டில் பூச்சின் கனம் ஒரு மைக்ரானிலும் குறைவு, ஒரு சுற்றிலேயே வழுக்கை விழும். லைட்டர் சுடரைக் கண்ணாடி அருகே பிடித்தால் ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு பிம்பம் தெரியும். ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இருக்கிறது. மாடியிலுள்ள சோலார் பேனலின் கண்ணாடியிலும் பெரும்பாலும் எதிரொளி தடுக்கும் பூச்சு உண்டு. அமிலம், தூள், நார் மூன்றும் அங்கே வேண்டாம். வெயில் ஏறுமுன் காலையில், உப்புக் குறைந்த தண்ணீரில், மென்மையான துடைப்பான் போதும்.

தெளிந்த கண்ணாடியைத் தெளிவாக வைத்திருக்க ஒரு ரப்பர் வைப்பர் செய்வதை வேறெதுவும் செய்வதில்லை. குளித்து முடித்ததும் அரை நிமிடம் வழித்தால், காயக் காத்திருக்கும் தண்ணீரில் பெரும்பங்கு தரைக்குப் போய்விடும், அதோடு அந்த 22 கிராமில் பெரும்பங்கும். வீட்டுக்கு மொத்தமாக சாஃப்ட்னர் போட்டவர்கள் "டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த மொத்தப் பொருளின் அளவு) குறையவே இல்லை" என்று குறைப்படுவார்கள். குறையாது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, உப்பின் மொத்த அளவு ஏறக்குறைய அப்படியே. வெள்ளை படிவதும் முழுதாக நின்றுவிடாது, ஆனால் ஈரத்துணியில் போய்விடும் வெள்ளையாக மாறும். நீர் ஒட்டாத சிலேன் பூச்சுகள் சில மாதங்கள் தாங்கும். கறை மேலேயே பூசினால் கறைக்குத்தான் காப்பு கிடைக்கும். பாலிஷ் முடித்து, கூழின் கடைசித் தடமும் போகக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த கண்ணாடியில் பூச வேண்டும். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டோடுவது நின்று, விரிந்து ஒட்டத் தொடங்கினால் அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டது.